தண்டவாளம் ஒருவருக்கு! ரெயில் இன்னொருவருக்கு!

புதுச்சேரி நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது தேங்காய்த்திட்டு. திட்டு என்றால் தண்ணீருக்கு நடுவே மேடாக நிற்கும் நிலம். பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கிறது. மீன்பிடித் துறைமுகம் இங்கேதான். விடியற்காலையில் விசைப்படகுகள் கரைக்கு வரும். மீன் ஏலம் நடக்கும். கூடைகள் நிரம்பும்.

இங்கிருந்து புதுச்சேரி ரெயிலடி அதிக தூரம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் நடந்தே போய்விடலாம்.

தேங்காய்த்திட்டிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ரெயிலில் உட்காருகிறார்கள். வண்டி வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் ஆகிய ஊர்களைத் தாண்டி விழுப்புரம் போகிறது. அது 38 கிலோமீட்டர். பிறகு திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக எழும்பூர். அது 159 கிலோமீட்டர்.

"அப்பா, இந்த ரெயில் யாருடையது?" என்று குழந்தை கேட்கிறது.

"சர்க்காருடையது."

"தண்டவாளம்?"

"அதுவும் சர்க்காருடையதுதான்."

சரியான பதில். ஆனால் 1879ஆம் ஆண்டில் இதே கேள்வியை இதே இடத்தில் கேட்டிருந்தால், பதில் வேறு!

தண்டவாளம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அதன்மேல் ரெயில் ஓட்டியது இன்னொரு கம்பெனி. பாதையில் ஒரு பகுதி பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண். மறு பகுதி ஆங்கிலேயர் ஆண்ட மண்.

தனியார் கம்பெனி ரெயில் ஓட்டலாமா என்ற பேச்சு நம் நாட்டில் மறுபடி எழுந்திருக்கிறது. ஓட்டினால் ஏழைக்கு லாபமா, நஷ்டமா? அதைத் தெரிந்துகொள்ள, இந்தப் பழைய கதை உதவும்.

மல்லாட்டை இழுத்த ரெயில்

இந்தியாவில் முதன்முதலாகப் பிரயாணிகள் ரெயில் ஓடியது 1853 ஏப்ரல் 16ஆம் தேதி. பம்பாயிலிருந்து தாணா வரையில். தென்னாட்டில் முதல் ரெயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில்.

இரண்டையும் ஓட்டியவர்கள் யார்? சர்க்கார் அல்ல. கம்பெனிகள்தான். அவற்றின் பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

தமிழ்நாட்டின் தென்பகுதியில் 1861இல் இன்னொரு கம்பெனி ரெயில் விட்டது. நாகப்பட்டினத்திலிருந்து அதன் பாதை தொடங்கியது. 1874இல் அது வேறொரு கம்பெனியோடு சேர்ந்தது. அப்படிப் பிறந்ததுதான் 'தென்னிந்திய ரெயில்வே'. பிற்காலத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரையில் 'போட் மெயில்' ஓட்டியதும் இந்தக் கம்பெனிதான்.

தென்னிந்திய ரெயில்வே சென்னையிலிருந்து தெற்கே பாதை போட்டுக்கொண்டே வந்தது. விழுப்புரம் வந்து சேர்ந்தது. இதைப் புதுச்சேரிப் பிரெஞ்சு சர்க்கார் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு ஒரு கவலை.

புதுச்சேரியில் கடல் உண்டு. கப்பல் வரும். 1866இல் கட்டிய இரும்புக் கடற்பாலமும் உண்டு. ஆனால் கப்பலில் ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டுமே! மணிலாக்கொட்டை விளைவது தென்னார்க்காட்டில். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை மல்லாட்டை என்பார்கள். பிரான்சு நாட்டு மார்செய் துறைமுகத்தில் அதற்கு நல்ல கிராக்கி. அங்கே அதை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். சோப்பு செய்தார்கள்.

தென்னார்க்காட்டு மல்லாட்டை ரெயில் ஏறி வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டால், புதுச்சேரியின் கதி என்ன?

ஆகவே ஒரு கம்பெனி ஏற்பட்டது. அதன் பெயர் 'புதுச்சேரி ரெயில்வே கம்பெனி'. அது லண்டனில் அமைந்த கம்பெனி. பிரெஞ்சு சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1879 டிசம்பர் 15ஆம் தேதி விழுப்புரம்–புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது.

எட்டு மைல் முதலாளி

இங்கேதான் வேடிக்கை.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறத்தாழ 24 மைல். அதில் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தது ஏறத்தாழ 8 மைல். அந்த 8 மைல்தான் புதுச்சேரி ரெயில்வே கம்பெனியின் சொத்து!

எட்டு மைல் பாதைக்குத் தனியாக எஞ்சின் வாங்க முடியுமா? பட்டறை கட்ட முடியுமா? டிரைவரும் கார்டும் வைத்துக் கட்டுப்படியாகுமா? ஆகாது. ஆகவே ரெயில் ஓட்டும் வேலையைத் தென்னிந்திய ரெயில்வே ஏற்றுக்கொண்டது.

இது வயலைக் குத்தகைக்கு விடுவது போன்றது. நிலம் ஒருவருடையது. ஏர் பிடிப்பவர் வேறொருவர். ஏர் பிடிப்பவர் தமது செலவை எடுத்துக்கொள்வார். நிலத்துக்காரருக்கு உரிய பங்கைக் கொடுப்பார்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அந்த நாளில் இந்தியாவில் ரெயில் பாதைகள் ஒரே அகலத்தில் இல்லை. அகலப் பாதை என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 5 அடி 6 அங்குலம். மீட்டர் பாதை என்றால் 1 மீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. விழுப்புரத்துக்கு வந்திருந்தது மீட்டர் பாதை. ஆகவே புதுச்சேரிக்காரர்களும் மீட்டர் பாதையே போட்டார்கள். அளவு ஒன்றாக இருந்ததால் தென்னிந்திய ரெயில்வேயின் வண்டிகள் அப்படியே புதுச்சேரிக்குள் வந்தன. மூட்டையை இறக்கி ஏற்றும் வேலை மிச்சம்.

பிரயாணிக்கு ஒரு தொல்லை மட்டும் இருந்தது. ஒரே ரெயிலில் இரண்டு ராஜ்யங்களைக் கடக்க வேண்டும். எல்லை என்றால் சுங்கம் உண்டு. பெட்டியைத் திற, மூட்டையை அவிழ் என்று சோதனை நடக்கும். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதோடு எல்லைச் சோதனைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது.

நஷ்டம் வந்தால் யார் தலையில்?

கம்பெனிகள் துணிந்து பணம் போட்டன, நாட்டுக்கு ரெயில் கொடுத்தன என்று சிலர் புகழ்வார்கள். ரெயில் வந்தது உண்மை. ஆனால் துணிச்சல் எவ்வளவு என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்த நாளில் இந்தியாவின் பெரிய ரெயில் கம்பெனிகளுக்கு ஆங்கில சர்க்கார் ஓர் உறுதி கொடுத்தது. நிலம் இலவசம். அதோடு போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம்!

கணக்கு இதுதான். ஒரு கம்பெனி 100 ரூபாய் போடுகிறது. ரெயில் ஓட்டியதில் 3 ரூபாய்தான் மிஞ்சுகிறது. மீதி 2 ரூபாயை யார் கொடுப்பது? சர்க்கார் கொடுக்கும். சர்க்காருக்குப் பணம் ஏது? ஜனங்கள் கட்டிய வரி.

ரெயிலை ஒரு நாளும் கண்ணால் பார்க்காத குடியானவனும் லண்டன் பங்குதாரருக்கு வட்டி கட்டினான் என்பதே இதன் பொருள். லாபம் வந்தால் கம்பெனிக்கு. குறைந்தால் குடிமக்கள் தலையில்.

ரெயிலுக்கு உள்ளே எப்படி இருந்தது? முதல் வகுப்பில் மெத்தை. மூன்றாம் வகுப்பில் ஆட்டு மந்தை போல ஜனங்கள். கூட்டமாக ஏறி டிக்கெட் பணத்தைக் கொட்டிக் கொடுத்தவர்கள் மூன்றாம் வகுப்பு ஏழைகள். வசதி எல்லாம் மேல் வகுப்புக்கு. காந்தியடிகள் மூன்றாம் வகுப்பிலேயே பிரயாணம் செய்தார். அந்தக் கஷ்டங்களை எடுத்துச் சொல்லி 1917இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

ஜனங்களின் முறையீடு வலுத்தது. 1920இல் ஆங்கில சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. ஆக்வர்த் கமிட்டி என்று அதற்குப் பெயர். ரெயில்வேக்களைச் சர்க்காரே நேரில் நடத்த வேண்டும் என்று அந்தக் கமிட்டி 1921இல் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியாகச் சர்க்கார் கைக்கு வந்தது. தென்னிந்திய ரெயில்வே 1944 ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது. 1951 ஏப்ரல் 14ஆம் தேதி, சித்திரை மாதப் பிறப்பை ஒட்டி, தெற்கு ரெயில்வே உதயமாயிற்று.

புதுச்சேரிக்கு வந்த பழைய மீட்டர் பாதை 2004இல் அகலப் பாதையாயிற்று. இப்போது புதுச்சேரியில் ரெயில் ஏறினால் புதுடில்லிக்கும், கல்கத்தாவை அடுத்த ஹவுராவுக்கும் நேராகப் போகலாம்.

மீண்டும் கம்பெனி ரெயில்

கதை இதோடு முடியவில்லை.

2019 அக்டோபர் 4ஆம் தேதி லட்சுமணபுரி என்னும் லக்னோவிலிருந்து டில்லிக்கு ஒரு ரெயில் புறப்பட்டது. அதன் பெயர் 'தேஜஸ்'. தண்டவாளம் ரெயில்வேயுடையது. டிரைவரும் கார்டும் ரெயில்வேக்காரர்கள். ஆனால் டிக்கெட் விலை வைப்பது, சாப்பாடு போடுவது, பிரயாணிகளைக் கவனிப்பது ஆகியவற்றை ஏற்றது ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் கம்பெனி. இது ரெயில்வேக்குக் கீழே உள்ள சர்க்கார் கம்பெனிதான். ஆனாலும் கம்பெனி முறையில் ரெயில் ஓட்டிப் பார்க்கும் பரீட்சை அங்கே தொடங்கியது.

ரெயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பிரயாணிக்கு 100 ரூபாய். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 250 ரூபாய். இப்படி அறிவித்தார்கள். ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். தாமதத்துக்குப் பணம் கொடுக்கும் ரெயிலா! ஆனால் 2024இல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். சலுகை டிக்கெட்டுக்கு அந்த ரெயிலில் இடமில்லை. கூட்டம் கூடினால் கட்டணமும் ஏறும்.

2020 ஜூலையில் சர்க்கார் இன்னும் பெரிய அழைப்பு விட்டது. 109 வழித்தடங்களில் 151 ரெயில்கள். தனியார் 30,000 கோடி ரூபாய் முதல் போட வேண்டும். 35 ஆண்டுகள் ஓட்டலாம். வழித்தடங்களை 12 தொகுதிகளாகப் பிரித்தார்கள். சென்னையும் ஒரு தொகுதி.

2021இல் டெண்டர் திறந்தபோது என்ன ஆயிற்று? 12 தொகுதிகளில் மூன்றுக்குத்தான் ஆள் வந்தது. சென்னைத் தொகுதிக்கு ஒருவரும் வரவில்லை! அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஏன் வரவில்லை? யோசித்தால் விளங்கும். தண்டவாளம் பிறருடையது. சிக்னல் பிறருடையது. டிரைவரும் பிறருடைய ஆள். அதே பாதையில் போட்டிக்கு ஓடும் ரெயிலும் அவர்களுடையதே. இத்தனைக்கும் நடுவே லாபம் காண வேண்டும். இந்தத் தடவை நூற்றுக்கு 5 வட்டி கொடுக்க எந்தச் சர்க்காரும் முன்வரவில்லை.

கோயமுத்தூரில் புறப்பட்டது

வேறு ஒரு வழியும் திறந்தது. 2021 நவம்பரில் 'பாரத் கவுரவ்' திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தது. ரெயில்வேயிடம் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கலாம். சுற்றுலா ரெயில் விடலாம். கட்டணத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் திட்டத்தின் முதல் ரெயில் எங்கே புறப்பட்டது தெரியுமா? தமிழ்நாட்டில்தான்! 2022 ஜூன் 14ஆம் தேதி கோயமுத்தூரிலிருந்து சீரடிக்குப் போயிற்று. சவுத் ஸ்டார் ரெயில் என்னும் கோயமுத்தூர்க் கம்பெனி அதை நடத்தியது. திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகச் சென்றது. வழியில் மந்திராலயத்தில் பக்தர்கள் தரிசனம் செய்வதற்காகச் சில மணி நேரம் நின்றது.

யாத்திரை போகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அது தினமும் வேலைக்குப் போகிறவர் ஏறும் ரெயில் அல்ல.

வெளிநாட்டில் எப்படி?

ஐரோப்பாவில் தண்டவாளம் ஒருவரிடமும், ரெயில் பலரிடமும் இருப்பது இப்போது சகஜம். பாதை வைத்திருப்பவருக்குக் கம்பெனி வாடகை கட்டும். டோல்கேட்டில் பஸ் முதலாளி பணம் கட்டுவது போல. பிறகு தன் ரெயிலைத் தானே ஓட்டிக்கொள்ளும்.

இத்தாலியில் 2012இல் 'இத்தாலோ' என்ற தனியார் அதிவேக ரெயில் ஓடத் தொடங்கியது. மிலான், ரோம், நேப்பிள்ஸ் போன்ற பெரிய நகரங்களுக்கு நடுவே ஓடுகிறது. சர்க்கார் ரெயிலுக்கும் அதற்கும் பலத்த போட்டி. போட்டியினால் கட்டணம் குறைந்தது. பிரயாணிகளுக்குக் கொண்டாட்டம். ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் அந்தக் கம்பெனிக்கு நஷ்டம். தண்டவாள வாடகையைக் குறைத்த பிறகுதான் மூச்சு விட்டது.

இங்கிலாந்தில் 2008இல் ஒரு சிறு கம்பெனி முளைத்தது. வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் நகரிலிருந்து லண்டனுக்கு ரெயில் விட்டது. நல்ல சாப்பாடு. அன்பான உபசாரம். பிரயாணிகளைக் கேட்டால் ஒரே புகழ்ச்சி. ஆனால் வழியில் உள்ள சில பெரிய ஊர்களில் ஆள் ஏற்ற அதற்கு அனுமதி இல்லை. அங்கே வேறு கம்பெனிக்கு உரிமை. நஷ்டம் மேல் நஷ்டம். 2011 ஜனவரியில் கடைசி ரெயில் ஓடியது. அதோடு கதவை மூடிவிட்டார்கள்.

இவற்றில் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே, கூட்டம் நிறைந்த பாதையில், தனியார் ரெயில் பிழைக்கும். போட்டி இருந்தால் பிரயாணிக்கும் நன்மை. கூட்டம் கிடைக்காத இடத்தில் எவ்வளவு நல்ல கம்பெனியும் நிலைக்காது.

வளவனூரில் நிற்குமா?

இப்போது தேங்காய்த்திட்டுக் குடும்பத்தைப் பார்ப்போம். அவர்கள் வண்டி வளவனூரில் நிற்கிறது. நாலு பேர் இறங்குகிறார்கள். மூன்று பேர் ஏறுகிறார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன். ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி ஒருத்தி. விழுப்புரத்தில் கூலி வேலை பார்க்கும் ஓர் ஆள்.

இவர்கள் கொடுக்கும் டிக்கெட் பணம் வண்டி ஓட்டும் செலவுக்குக் காணாது. 2016 முதல் ரெயில்வே தன் டிக்கெட்டிலேயே இதை அச்சடித்துச் சொன்னது. பிரயாணச் செலவில் சராசரியாக நூற்றுக்கு 57தான் டிக்கெட்டால் வருகிறது என்று. மீதியை நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றும் சரக்கு ரெயில்கள் சம்பாதிக்கின்றன. ஒரு கை சம்பாதிக்கிறது. மறு கை ஏழையைத் தூக்கிவிடுகிறது. குடும்பம் நடப்பது போலத்தான்.

தனியார் கம்பெனிக்கு அந்த மறு கை கிடையாது. ஆதலால் அது வளவனூரில் நிற்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது. கம்பெனி ஏற்பட்டது லாபத்துக்காக.

ஆகவே, யார் ரெயில் விட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: கட்டணத்தை வைப்பது யார்? கூட்டமான பண்டிகை நாளில் அது எவ்வளவு ஏறும்?

இரண்டு: நஷ்டம் வந்தால் கொடுப்பது யார்? கம்பெனியா, வரி கட்டும் ஜனங்களா?

மூன்று: சின்ன ஊர்களில் நிற்கும் ரெயில் தொடர்ந்து ஓடுமா? புது ரெயிலுக்கு வழி விடுவதற்காக அது ஓரத்தில் காத்துக் கிடக்குமா?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், கம்பெனி ரெயிலும் வரட்டும். வசதி உள்ளவர் அதில் போகட்டும். பதில் கிடைக்காவிட்டால், 1879இல் நடந்ததுதான் திரும்பவும் நடக்கும். மெத்தை ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு என்று ஆகிவிடும்.

புதுச்சேரி ரெயில்வே கம்பெனி இன்று இல்லை. தென்னிந்திய ரெயில்வே கம்பெனியும் இல்லை. ஆனால் அந்த 24 மைல் பாதை இருக்கிறது. தேங்காய்த்திட்டுக் குடும்பம் சென்னையில் வேலையை முடித்துக்கொண்டு அதே பாதையில் ஊர் திரும்பும். வில்லியனூர் தாண்டியதும் குழந்தைகளைத் தட்டி எழுப்புவார்கள். மூட்டைகளை இறக்கி வைப்பார்கள்.

வண்டி வளவனூரிலும் நின்றுதான் வந்திருக்கும். பள்ளிக்கூடப் பையன் அங்கே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பான்.